தலையணையை எடுத்துக்கொள்!



‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. கேட்பதற்கு இனிய பழமொழிதான். ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நோயாளரைச் சந்தித்து வரும் நாம், சிரித்தவரை அஞ்சி நோய் ஓடிப்போனதைக் கண்டதில்லை. வாய்விட்டுச் சிரித்தவர்கள் சிலரை நாமே அடக்கம் செய்திருக்கிறோம். சிடுசிடுவென்று எரிந்து விழுந்த நோயாளர் சிலர் முழு நலம் பெற்று இன்றும் ஞாயிறு தோறும் முதல் வரிசையில் அமர்ந்து நம் பிரசங்கத்தின் நீளத்தைக் குறை கூறுகிறார்கள். எனவே அப்பழமொழியை நாம் முழுமையாக நம்பியதில்லை.

இருந்தும் அதனுள் வேறோர் உண்மை புதைந்து கிடக்கிறது. அதைச் சென்ற ஆண்டு நமக்குக் கற்பித்தவர்கள், இறையியல் பயிலாத ஒரு தம்பதியர். அவர்களுடைய இசைவுடன், பெயரும் ஊரும் குறிப்பிடாமல், இத்திங்கள் அதனை உங்கள்முன் வைக்கிறோம்.

கணவர் அரசுப் பேருந்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான். வாய்க்கு அவர் ஓய்வு கொடுத்ததில்லை. திருப்பலிக்குப் பின் ஆலய வாசலில் கூட்டம் நெருக்கினால், ‘இறங்குறவங்க இறங்கட்டும், பிறகு ஏறலாம்’ என்று குரல் கொடுப்பார். மனைவியோ மரியாயின் சேனையில் பல்லாண்டு உழைத்தவர், அதிகம் பேசாதவர். கணவர் பத்து வார்த்தை பேசினால் அதற்கு அவர் அரைப் புன்னகை தருவார். முப்பத்தைந்து ஆண்டு இல்லறம் இந்தக் கணக்கிலேயே நடந்து வந்தது.

அந்த அம்மாளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவை செய்து அகற்றவேண்டும், அகற்றியதைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், அதன் முடிவு வந்த பிறகே எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றனர் மருத்துவர்கள். பக்கத்து நகரில் அருட்சகோதரிகள் நடத்தும் மருத்துவமனையில் ஒரு சிறு அறை கிடைத்தது. பிள்ளைகள் மூவரும் வெளியூரில். முறைவைத்து வந்து போயினர். ஆனால் இரவும் பகலும் உடனிருந்தவர் கணவரே. வீட்டில் தம் காப்பியைத் தாமே ஆற்றிக் குடித்தறியாத மனிதர், இப்போது மருந்துச் சீட்டும் பிளாஸ்குமாகத் தாழ்வாரத்தில் நடமாடினார்.

அறுவைக்கு முந்திய மாலை நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனத்தை வழங்க நாம் சென்றோம். கையில் திருத்தைலச் சிமிழைக் கண்டதும் பக்கத்து அறைப் பெண்மணி ஒருவர், ‘ஐயோ, அவஸ்தைபூசுதலா!’ என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். படுக்கையில் இருந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. ‘சாமி, டாக்டர் உங்ககிட்ட மட்டும் ஏதாவது சொன்னாரா?’ என்று கேட்டார்.

நாம் குருமடத்தில் பயின்றதெல்லாம் நாவின் நுனிக்கு வந்து நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் இதுபற்றிக் கூறியது என்ன, திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் இச்சடங்கைப் புதுப்பித்தபோது கூறியது என்ன, சாகும் தறுவாயில் இருப்போர்க்கு மட்டுமன்று, கடும் நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்வோர்க்கும் இது உரியது, மீண்டும் பெறக்கூடியது என்றெல்லாம் விளக்கத் தொடங்கினோம். விளக்கம் நீள நீள அம்மாளின் அச்சமும் நீண்டதே ஒழியக் குறையவில்லை. அப்போது கணவர் குறுக்கிட்டார். ‘ஏம்மா, பயப்படாதே. சாமி உன்னை இறக்கிவிட வரலே. செக்கிங் வந்திருக்கார். உன்கிட்ட பாஸ் இருக்கு, காட்டிட்டு உட்காந்துக்க. அவ்வளவுதான்’ என்றார்.

அம்மாள் சிரித்தார். பக்கத்து அறைப் பெண்மணியும் முந்தானைக்குள்ளேயே சிரித்தார். நாமும் சிரித்தோம். பிறகு நெற்றியிலும் கைகளிலும் திருத்தைலம் பூசி மன்றாடியபோது, அந்த அறையில் அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் அது ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. சங்கத்தின் ஏடுகளிலிருந்து நாம் கூற முயன்றதையே அவர் பேருந்து மொழியில் கூறிவிட்டார் என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு சிக்கல். அறுவைக்கூடத்திற்குச் செல்லுமுன் உடலில் உள்ள உலோகம் அனைத்தையும் கழற்றவேண்டும் என்றார் செவிலி. இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். உடலில் நகை இருந்தால் அவ்விடத்தில் தீக்காயம் நேரக்கூடும் என்பதே காரணம். வளையல் கழன்றது, மூக்குத்தி கழன்றது. தாலியில் கை வைத்ததும் அம்மாள் மறுத்துவிட்டார். மணமேடையில் ஏறிய நாள் முதல் கழுத்தைவிட்டு இறங்காத தாலி. செவிலி கெஞ்சினார், தலைமைச் சகோதரி வந்து அறிவுரை கூறினார். அம்மாளின் கண்களில் நீர் மட்டும் பெருகிற்று.

கணவர் அருகில் சென்று, ‘முப்பத்தஞ்சு வருஷமா நீ சுமந்தே. ரெண்டு மணி நேரம் நான் சுமக்கிறேன், கொடு’ என்றார். தாமே அதனைக் கழற்றி, எல்லோரும் பார்க்கத் தம் கழுத்தில் போட்டுக்கொண்டு சட்டைப் பொத்தானை மாட்டினார். ‘இனி உள்ளே போறது நீ இல்லே, புருஷன். நான் வெளியே உக்காந்து ஜெபமாலை சொல்ற பெண்டாட்டி. பார்த்து வாங்க!’ என்றார். அழுதுகொண்டிருந்த அம்மாள் அழுகையினூடே சிரித்தார். தள்ளுவண்டி நகர்ந்தது. அறுவைக்கூடத்தின் கதவு வரை கூடவே நடந்தவர், அதற்கு மேல் செல்ல அனுமதியில்லை என்றதும் நின்றார். வாயைக் குவித்து மிக மெல்ல இரண்டு விசில் கொடுத்தார். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் செல். ‘ரைட், போலாம்’ என்றார். கதவு மூடியது.

அறுவை முடிந்து அம்மாள் கண்விழித்தபோது தாலி மீண்டும் அவர் கழுத்தில் ஏறியது. ‘ரெண்டாம் கல்யாணம். இந்த முறை பிரியாணிச் செலவு மிச்சம்’ என்று கணவர் சொன்னாராம். இதற்குப் பின் ஓர் எதிர்பாராத இடையூறு வந்தது. வயிற்றில் தையல். சிரித்தால் வலிக்கும். இருமினாலும் தும்மினாலும் வலிக்கும். எனவே, இருமவோ சிரிக்கவோ நேர்ந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். அப்போது தையலில் இழுப்பு குறையும் என்று செவிலி கற்றுக்கொடுத்தார். அன்றுமுதல் அந்த அறையில் ஒரு சட்டம் பிறந்தது. கணவர் எதையேனும் வேடிக்கையாகச் சொல்லுமுன், ‘தலையணையை எடுத்துக்கோ’ என்று எச்சரிப்பார். அம்மாள் எடுத்து அணைத்துக்கொள்வார். பல வேளைகளில் அந்த எச்சரிக்கையைக் கேட்டதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதற்குமேல் வேடிக்கை தேவைப்படாது. சில வேளைகளில், ‘இப்ப வேண்டாங்க’ என்று தலையை அசைப்பார். கணவரும் உடனே வாயை மூடிக்கொள்வார். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

வயிற்றில் அறுவை செய்தவர்களுக்குக் குடல் மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டதா என்பது பெரிய கேள்வி. ஆகவே மருத்துவர், செவிலி, தலைமைச் சகோதரி என வருகிறவர்கள் எல்லோரும், ‘காற்றுப் பிரிந்ததா?’ என்றே கேட்டனர். மரியாயின் சேனைத் தலைவிக்கு இது எத்துணைக் கூச்சமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் நாள் அதிகாலையில் கணவர் தாழ்வாரத்திற்கு ஓடிவந்து செவிலியிடம், ‘சிஸ்டர், வண்டி கிளம்பிடுச்சு!’ என்று மட்டும் அறிவித்தார். இதனை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சற்றுத் தயங்கினோம். உடலை இறைவனே படைத்தார் என்ற விசுவாசத்தின் பேரில் எழுதிவிட்டோம்.

பார்வையாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களுள் நம் பங்கினர் பலர் உண்டு. இதை வாசித்து வருந்தவேண்டா. முதல் ஐந்து நாளில் பதினொரு ரொட்டிப் பொட்டலமும் ஏறக்குறைய ஒரு கூடைச் சாத்துக்குடியும் வந்து சேர்ந்தன. ரொட்டியைவிடக் கனமானவை அவர்கள் கொண்டுவந்த கதைகள். ‘எங்க சித்திக்கும் இதேதான். நல்லாத்தான் இருந்தாங்க. மூணே மாசம்!’ என்றார் ஒருவர், ஆறுதல் கூறும் குரலில். கணவர் அமைதியாக, ‘அது வேற ரூட்டுங்க, இது வேற ரூட்டு. போர்டு பாத்துதானே ஏறணும்?’ என்று கூறி அவர் கையில் இரண்டு சாத்துக்குடியைத் திணித்து வழியனுப்பி வைத்தார்.

இவ்வளவும் சொன்னபின், இதை ஒரு வேடிக்கைக் கதையென்று நீங்கள் நினைத்துவிடலாகாது. பரிசோதனை முடிவு மறுநாள் வரும் என்று கூறப்பட்டிருந்த இரவு, வேறொரு நோயாளரைப் பார்க்க நாம் அம்மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். திரும்பும்போது மாடிப்படியின் திருப்பத்தில், விளக்கில்லாத இடத்தில், ஒருவர் முழங்காலில் முகம் புதைத்து அமர்ந்திருந்தார். நடத்துநர்தான். நம்மைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘சாமி, சரக்கு தீர்ந்துபோச்சு’ என்றார். ‘காலையில அவ முகத்தைப் பாத்துச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லே.’

நமக்கும் சொல்ல ஒன்றுமில்லை. படியில் அவர் அருகில் அமர்ந்தோம். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அவர் அழுதார். அதுவும் தேவையாகவே இருந்தது. அழுவதற்கு ஒரு காலம், சிரிப்பதற்கு ஒரு காலம் உண்டென்று சபை உரையாளர் கூறுகிறார். இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே கட்டடத்தில், ஒரே மனிதரிடம், ஒரு மாடிப்படி இடைவெளியில் வரக்கூடும் என்பதை நாம் அன்று கண்டோம்.

மறுநாள் மருத்துவர் முடிவைக் கூறினார். கட்டி புற்றுநோயே. ஆயினும் கர்ப்பப்பையைத் தாண்டிப் பரவியதற்கான அடையாளம் இல்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை தவறாமல் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு கூறி அவர் வெளியேறினார். அறையில் அமைதி நிலவிற்று. முப்பத்தொரு ஆண்டு ஓயாது பேசிய மனிதர் சுவரைப் பார்த்து நின்றார். அப்போது அம்மாள் தம் வயிற்றருகில் கிடந்த தலையணையை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். ‘என்னங்க, இதை நீங்க பிடிச்சுக்கோங்க’ என்றார். அவர் ஒன்றும் விளங்காமல் வாங்கிக்கொண்டார். ‘கண்டக்டர், நான் கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தவ. நடுவுல இறக்கிவிடப் பாக்காதீங்க’ என்றார் அம்மாள்.

முப்பத்தைந்து ஆண்டில் மனைவி தம்மிடம் சொன்ன முதல் வேடிக்கை அதுவென்று பின்னர் அவர் நம்மிடம் கூறினார். தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்தாராம், அழுதாராம், எது எதுவென்று அவருக்கே தெரியவில்லையாம்.

வீடு திரும்பிய பின் ஒருநாள் அவர்களைச் சந்திக்கச் சென்றோம். கணவர் கடைக்குப் போயிருந்தார். ‘நோயில் உங்களைச் சிரிக்கவைத்துக் காப்பாற்றிய கணவர் உங்களுக்குக் கிடைத்தது இறைவனின் கொடை’ என்றோம். அந்த அம்மாள் தம் அரைப் புன்னகையோடு கூறியதை நாம் மறக்க இயலாது. ‘சாமி, அவருக்குப் பயம் வந்தா வாய் ஓயாது. கல்யாணம் ஆன புதுசுலேயே கண்டுபிடிச்சிட்டேன். நான் சிரிக்கலேன்னா அவர் உடைஞ்சுபோவார். அதனால சிரிச்சேன். பாதி எனக்குப் புரியவே இல்லே. தையல் வேற வலிச்சுது.’

நாம் திகைத்துப் போனோம். கணவர் மனைவியைத் தாங்குகிறார் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். படுக்கையில் கிடந்தவரும் அமர்ந்திருந்தவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் இவருக்காக வேடிக்கை சொன்னார். இவர் அவருக்காகச் சிரித்தார். ஒருவர் சுமையை மற்றவர் தாங்கவேண்டும் என்று திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதியது இதுவன்றி வேறென்ன?

இங்கே அந்தப் பழமொழிக்குத் திரும்புவோம். சிரித்தால் நோய்விட்டுப் போகுமா? நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்க இதழாசிரியர், தம் கடும் நோயைப் பற்றி 1979-இல் ஒரு நூல் வெளியிட்டார். நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் நன்றாகச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்தது என்று அதில் எழுதினார். அது ஒரு மனிதரின் அனுபவம், அதனை மறுக்கமாட்டோம். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுச் சிரிக்கலாம் என்று எவரும் எண்ணவேண்டா. நம் நடத்துநரின் வேடிக்கையால் அந்தக் கட்டி அகலவில்லை. மருத்துவரின் கத்தியே அதனை அகற்றியது. அந்த வேடிக்கை போக்கியது வேறொன்றை: தனிமையை. மருத்துவமனையில் சேர்ந்தவுடன் நாம் ஒரு படுக்கை எண்ணாகவும் ஒரு கோப்பாகவும் ஆகிவிடுகிறோம். நம் உடையைக் களைகிறார்கள், நகையைக் களைகிறார்கள், நாம் யாரென்பதும் சற்றே கழன்றுவிடுகிறது. முப்பத்தைந்து ஆண்டு உடன் வாழ்ந்தவர் வந்து, நம் இருவருக்கு மட்டுமே விளங்கும் ஒரு பழைய கேலியைச் சொன்னால், கழன்ற அந்த ‘நான்’ மீண்டும் வந்து பொருந்துகிறது. நோய் போகாமல் இருக்கலாம். தனிமை போகும்.

இல்லறத்தில் நோய் நுழையும்போது நகைப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதையும் திருநூல் மறைக்கவில்லை. தோபித்து பார்வை இழந்தார். மனைவி அன்னா நெசவு செய்து குடும்பத்தைக் காத்தார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்பினர். ஆட்டின் குரல் கேட்ட தோபித்து, அது திருட்டு ஆடாக இருக்குமோ என்று ஐயுற்று, திருப்பிக் கொடுக்கச் சொன்னார். உழைத்துக் களைத்த அன்னாவும் சுடச்சுடப் பதில் கொடுத்தார். மனமுடைந்த தோபித்து, தம்மை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை மன்றாடினார். நல்லவர்கள்தாம் இருவரும், பக்தியுள்ளவர்கள்தாம். நோயாளிக்கும் சலிப்பு, உடனிருப்பவருக்கும் சலிப்பு. இக்காட்சியை நம் வீடுகளில் காணாதவர் யார்? அதே திருநூலில், முதிய வயதில் மகன் பிறப்பான் என்று கேட்டு ஆபிரகாமும் சிரித்தார். கூடாரத்தினுள் சாராவும் சிரித்தார். அம்மகனுக்கு ஈசாக்கு என்றே பெயராயிற்று. ‘அவன் நகைக்கிறான்’ என்பது அதன் பொருள்.

புனிதர்களும் இதை அறிந்திருந்தனர். புனித தாமஸ் மூர் 1534-இல் லண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டபோது மனைவி ஆலிஸ் காணச் சென்றார். அழகிய வீடும் தோட்டமும் இருக்க, எலிகளோடு இங்கே அடைந்து கிடப்பதா என்று கடிந்துகொண்டார். இந்த இடமும் நம் வீட்டைப்போலவே விண்ணகத்திற்குப் பக்கந்தானே என்று மூர் வினவினார். அம்மையார் அதைக் கேட்டு உருகிவிடவில்லை. சலித்துக்கொண்டார் என்றே வரலாறு சொல்கிறது. மறுமுறை வேடிக்கை சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் கணவர்கள் ஒரு புனிதரின் துணையை நினைத்துத் தேறலாம். 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிசும், தூய வாழ்வு பற்றி 2018-இல் எழுதிய ஊக்கவுரையில், மகிழ்ச்சிக்கும் நகைச்சுவை உணர்வுக்கும் தனியோர் இடம் ஒதுக்கினார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதனை நம் தவற்றிலிருந்தே கூறுகிறோம். சில ஆண்டுகளுக்குமுன் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஓர் இளங்கணவர் அமர்ந்திருந்தார். அவரைத் தேற்ற எண்ணிக் குருமடத்து வேடிக்கை ஒன்றைச் சொன்னோம். அவர் சிரித்தார். நாமும் நல்ல பணி செய்துவிட்ட நிறைவோடு திரும்பினோம். சற்று முன்னர்தான் அவர் மனைவிக்குச் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தியிருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம். பல நாள் கழித்து, மனைவி நலமடைந்த பிறகு, அவரே நம்மிடம் மெதுவாகச் சொன்னார்: ‘அன்னைக்கு நீங்க சாமிங்கிறதால சிரிச்சேன்.’ அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்திருக்கிறது.

வெளியிலிருந்து ரொட்டியைக் கொண்டுபோவதுபோல் நகைப்பைக் கொண்டுபோக முடியாது. அது அந்த இருவருக்கிடையே ஏற்கெனவே இருக்கவேண்டும். ஆகவே குடும்பத்தாரே, மூன்று சிறு குறிப்புகளை வைக்கிறோம். முதலாவது, நோயாளி வேண்டாமென்றால் வேண்டாம். நடத்துநர் வாயை மூடிக்கொண்டதை நினைவில் வைக்கச் சொன்னோமே, அது இதற்காகத்தான். தலையணையை எடுப்பதும் மறுப்பதும் தையல் போட்டவரின் உரிமை. இரண்டாவது, கேலி நோயையும் மருத்துவமனையையும் நம்மையும் பற்றியதாக இருக்கட்டும். நோயாளியின் இயலாமையைப் பற்றியதாக, அதுவும் பிறர் முன்னிலையில், ஒருபோதும் இருக்கலாகாது. மூன்றாவது, நாள் முழுதும் சிரிக்கவைக்கிறவருக்கும் அழ ஒரு மாடிப்படி வேண்டும். அவர் அருகில் அமர ஒருவர் வேண்டும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளில், உலக நோயாளர் நாளைக் கொண்டாடுகிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்த, 1993 முதல் இது நடைபெற்று வருகிறது. அந்நாளில் நோயாளரை நினைக்கிறோம், நன்று. அவர் கட்டிலருகே நாற்காலியில் கழுத்து வலிக்க உறங்குகிறவரையும் நினைப்போமா? நோயாளியிடம், ‘எப்படியிருக்கிறீர்கள்?’ என்று கேட்டபின், அவரிடம் திரும்பி, ‘நீங்கள் சாப்பிட்டீர்களா?’ என்று ஒரு சொல் கேட்போமா? பன்னிரண்டாம் ரொட்டிப் பொட்டலத்தைவிட அது பயன்படும்.

நோயிலும் நலத்திலும் கைவிடுவதில்லை என்று ஆலயத்தில் வாக்களித்தபோது, அந்த வாக்கில் பிளாஸ்கும் மருந்துச் சீட்டும் தலையணையும் அடங்கியிருந்தன என்பதை மணமக்கள் அறிந்திருப்பதில்லை. காலம் வரும்போது அறிவார்கள்.

சென்ற வாரம் அந்த அம்மாளுக்கு மீண்டும் பரிசோதனை நாள். காலைத் திருப்பலி முடிந்து இருவரும் நம்மிடம் ஆசி பெற வந்தனர். முகங்களில் அச்சம் இருந்தது, மறைக்க முயலவில்லை. ஆசி வழங்கினோம். பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஆலய வாசலைத் தாண்டியதும் அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, நின்றுவிட்ட கணவரை அழைத்தார். ‘என்னங்க நிக்கிறீங்க? ரைட், போலாம்!’

அடுத்த திங்கள் சந்திப்போம். உங்கள் இல்லங்களில் இறையமைதி நிலவுவதாக.